இரண்டாவது செடி வாங்கும் முன்

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பேரங்காடி வாசல்களிலும் ஈரச்சந்தைப் பூக்கடைகளிலும் ஃபெலனாப்சிஸ் தொட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வெள்ளையும் ஊதாவுமாக, வில்போல் வளைந்த தண்டில் பத்துப் பன்னிரண்டு பூக்கள். இரண்டு மூன்று மாதம் வாடாமல் நின்றுவிட்டுப் பிறகு உதிரும். தொட்டியில் செருகியிருக்கும் அட்டை, வெளிச்சமான சன்னல் ஓரத்தில் வைத்து வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் அடுத்த ஆண்டும் பூக்கும் என்று சொல்லும். அட்டை சொன்னபடியே பார்த்துக்கொண்டவர் வீட்டில் இலை தடித்து வளர்கிறது, பூந்தண்டு மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிச் செடியைத் தூக்கி எறிந்துவிடுகிறார். உண்மைக் காரணம் வெப்பம். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களுக்காவது பகல் வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். 28 பாகையைத் தாண்டிவிட்டால் செடி இலையோடு நின்றுவிடும். சிங்கப்பூரின் பகல் 31, 32 பாகை. இரவிலும் 24-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடைக்கு வரும் செடிகள் குளிர்ந்த கூடங்களில் தண்டு வரவழைக்கப்பட்டு இங்கே கொண்டுவரப்படுபவை. அட்டையில் உள்ளது பொய்யில்லை. வேறோர் ஊரின் சன்னலுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் சொல்ல வரும் கருத்து இதிலிருந்தே பிறக்கிறது. ஆர்க்கிட் வளர்ப்பில் பயன்படும் அறிவில் பெரும்பகுதி இடத்துக்குக் கட்டுப்பட்டது. ஆகவே முதல் செடியை ஆசைக்கு வாங்குங்கள். இரண்டாவது செடியை வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் ஆர்க்கிட் சங்கத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போய்வாருங்கள். புத்தகங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. செடியின் உறுப்புகள், பேரினங்களின் பெயர்கள், நோய்களின் வகை, உரத்தின் கூறுகள் ஆகியவற்றை இந்த நூலின் மற்ற அத்தியாயங்களும் விளக்கத்தான் போகின்றன. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர், எந்த ஊடகம், எவ்வளவு வெயில், எந்த மாதத்தில் தொட்டி மாற்றுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் எந்தப் புத்தகமும் சராசரிப் பதில்தான் தர முடியும். சராசரியை நம்பி வளர்த்தால் ரோஜாகூடத் தப்பிக்கும். ஆர்க்கிட் தப்பிப்பது கடினம்.

இதற்கு முதல் சான்று, ஆர்க்கிட் மோகத்தின் தாய்வீடான இங்கிலாந்திலிருந்தே கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் கப்பலாக ஆர்க்கிட்கள் அங்கே போய் இறங்கின. வெப்பமண்டலத்துச் செடிகள் என்று ஒரே ஒரு தகவல்தான் தோட்டக்காரர்களிடம் இருந்தது. அதை நம்பிக் காற்றுப் புகாத கண்ணாடிக் கூடங்களில், நிலக்கரி அடுப்பின் சூட்டிலும் நீராவியிலும் அவற்றை அடைத்து வைத்தார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவற்றில் பல, மலையுச்சிகளில், பனிமூட்டத்தில், இடையறாத காற்றில் வளர்ந்தவை என்பது யாருக்கும் தெரியவில்லை. டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப் பாக்ஸ்டன் இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர். அந்தத் தோட்டத்திலிருந்து ஜான் கிப்சன் என்பவர் 1835-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, காசி மலைகளில் ஆர்க்கிட்கள் சேகரித்துத் திரும்பினார். செடி எந்த உயரத்தில், எவ்வளவு குளிரில், எப்படிப்பட்ட காற்றில் வளர்கிறது என்ற சேதி செடியோடு சேர்ந்து வரத் தொடங்கிய பிறகுதான் கூடங்களின் சன்னல்கள் திறக்கப்பட்டன; சூடான கூடம், மிதமான கூடம், குளிர்ந்த கூடம் என்று பிரித்துக் கட்டும் பழக்கமும் வந்தது. அந்தத் தோட்டக்காரர்களிடம் பணமோ உழைப்போ குறையவில்லை. செடி வளர்ந்த இடத்தைப் பார்த்தவருடைய சொல் ஒன்றுதான் குறைந்தது.

நம் பக்கத்தில் நடப்பது அதே பிழையின் மறுபக்கம். ஆர்க்கிட் நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வாசகரை நினைத்து எழுதப்பட்டவை. மரப்பட்டையிலும் பாசியிலும் நடு, பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைக் காக்கும், குளிர்காலத்தில் நீரைக் குறைத்துச் செடிக்கு ஓய்வு கொடு என்று அவை சொல்லும். வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் அந்த அறிவுரை சரியானதே. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தொடும். வடகிழக்குப் பருவமழையில் பாசி அடைத்த பிளாஸ்டிக் தொட்டியை வெளியே வைத்தால் வேர் ஒரு வாரத்தில் கஞ்சியாகிவிடும். காற்றில் வாழும் ஆர்க்கிட்களின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. நனைந்ததும் பச்சையாகவும் காய்ந்ததும் வெள்ளி நிறமாகவும் அது தெரியும். நனைவது எவ்வளவு அவசியமோ, நனைந்தபின் காய்வதும் அவ்வளவு அவசியம். அதனால்தான் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ப்பவர்கள் பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரியும் உடைத்த செங்கல்லும் நிரப்பி, நாள்தோறும் காலையில் தாராளமாக நீர் விடுகிறார்கள். கரி சீக்கிரம் காயும், மக்காது. ஓய்வுக்காலத்தின் கதையும் இதே போன்றதுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் பசுமை மாறா டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு இங்கே ஓய்வே தேவையில்லை. ஒவ்வொரு புதுத் தண்டும் முற்றியதும் பூக்கும். டென்ட்ரோபியம் நோபிலே வகைக்கோ குளிரும் வறட்சியும் உண்மையாகவே வேண்டும், அதை இந்தத் தீவில் யாராலும் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே பேரினம். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்.

இடத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்று கண்ணால் பார்க்க விரும்புபவர் தெருவோர மழைமரங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். அவற்றின் கிளைகளில் தானாக முளைத்துத் தொங்கும் புறா ஆர்க்கிட், அதாவது டென்ட்ரோபியம் குருமெனாட்டம், மொட்டுகளை ஓரளவு வளர்த்து வைத்துவிட்டு அப்படியே காத்திருக்கும். பெருமழை ஒன்று வந்து வெப்பம் திடீரென ஐந்தாறு பாகை இறங்கினால் அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கும். ஏறத்தாழ ஒன்பதாம் நாள் காலையில் அந்த வட்டாரத்து மரங்களில் உள்ள செடிகளெல்லாம் சேர்ந்தாற்போல் வெள்ளையாகப் பூத்து மணக்கும், மாலைக்குள் வாடிவிடும். எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூப்பதால் ஒரு செடியின் மகரந்தம் இன்னொன்றைச் சேர வாய்ப்புக் கூடுகிறது. இந்தச் செடியை வீட்டில் வைத்திருப்பவர் உரத்தை மாற்றியதால் பூத்தது என்று நினைத்துக்கொள்வது எளிது. பக்கத்துத் தெருவில் வளர்ப்பவரும் அதே நாளில் பூத்ததாகச் சொன்னால்தான் காரணம் மழை என்று பிடிபடும். ஒரே வானிலையில் பலர் வளர்த்துப் பார்த்து ஒப்பிடுவதற்கு ஓர் இடம் வேண்டும். சங்கம் என்பது அந்த இடம்.

சிங்கப்பூரில் அப்படிப்பட்ட இடம் 1928-இல் உருவானது. பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம், வழக்கறிஞர் ஜான் லேகாக், ஆர்வலர் எமில் காலிஸ்தான் ஆகியோர் சேர்ந்து மலாயா ஆர்க்கிட் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அது தென்கிழக்காசிய ஆர்க்கிட் சங்கம். 1931-இலிருந்து தனக்கென ஓர் இதழும் வெளியிட்டது. தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, அதில் சேமித்த உணவு கிடையாது. இயற்கையில் ஒருவகைப் பூசணத்தின் துணையோடுதான் முளைக்கும். அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் கூழில் பூசணமே இல்லாமல் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் காட்டினார். ஹோல்ட்டம் அந்த முறையைப் பூமலைக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குடுவைகளில் கலப்பின நாற்றுகளை வளர்க்கத் தொடங்கியதும் 1928-ஐ ஒட்டித்தான். முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. எந்தச் செடியோடு எதைச் சேர்த்தால் இந்த வெயிலில் நிற்கும், எது ஓயாமல் பூக்கும் என்ற விடைகள் இங்கேயே தேடப்பட்டன. குளிர்நாட்டார் போற்றிய கட்லியாக்களை விட்டுவிட்டு, தேள்போல் கால் நீட்டிய அராக்னிஸ், ஊர்ப்பக்கத்து வாண்டா, மண்ணில் வளரும் ஸ்பேத்தோகுளோட்டிஸ் ஆகியவற்றை அவர்கள் கையில் எடுத்தார்கள். உலகச் சந்தைக்குப் பூத்தண்டு அனுப்பும் தொழில் சிங்கப்பூரில் பிற்காலத்தில் வளர்ந்ததற்கு அந்தத் தேர்வே வித்து.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அறிவியலாளர் ஒருவரும் அலுவலகம் முடிந்து வந்து செடி பார்க்கும் ஆர்வலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆர்வலர்களின் பங்கு பார்வையாளர் பங்காக நின்றுவிடவில்லை. தான் ஹூன் சியாங் என்ற ரப்பர் தோட்ட உரிமையாளர் உருவாக்கி, தன் தந்தை தான் சே யானின் பெயரைச் சூட்டிய வாண்டா, 1954-இல் லண்டன் செல்சி மலர்க்காட்சியில் முதல்தரச் சான்றிதழ் பெற்றது. அதற்கும் 60 ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சோங் பகாரில் தோட்டம் வைத்திருந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி பூமலைக்கு எடுத்துச்சென்று காட்டிய கலப்பினத்தை அங்கே அப்போது இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1893-இல் உலகுக்கு அறிவித்தார். 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது அந்த வாண்டா மிஸ் ஜோக்கிம்தான். அவர் திட்டமிட்டு மகரந்தம் சேர்த்தாரா, தோட்டத்தில் தற்செயலாக முளைத்ததைக் கண்டெடுத்தாரா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. எப்படியிருந்தாலும், தான் வளர்த்ததை மதிப்பிடத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியதால்தான் அந்தச் செடிக்குப் பெயர் கிடைத்தது. அதே செடியை இன்று வாங்கும் பலர் பூக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். நிழலான தாழ்வாரத்தில் வைத்துக் கொம்பின் உச்சிக்கும் கீழேயே நுனியைக் கட்டி வைத்தால் அது பூக்காது. முழு வெயில் வேண்டும், நுனி கொம்பைத் தாண்டிக் காற்றில் ஆட வேண்டும், காலடியில் தாராளமாக உரம் வேண்டும். பழைய வளர்ப்பாளர் எவரும் முதல் பார்வையிலேயே இதைச் சொல்லிவிடுவார்.

வாண்டா என்ற பெயரைப் பற்றி இடையில் ஒரு சொல். மரத்தின் மேல் தொற்றி வளரும் செடிகளைக் குறிக்கும் 'வந்தா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது அது. புதிதாக வளர்ப்பவர்கள் பலர் ஆர்க்கிட்டைப் புல்லுருவி வகை என்றே நினைக்கிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவே. அதன் உணவு மழைநீரிலும் பட்டையில் தங்கும் மக்கிலும் இருக்கிறது. பூமலையில் 1861-இல் நட்ட புலி ஆர்க்கிட் இன்றும் உயிரோடிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் குடும்பத்தின் பொறுமை விளங்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். தாவரத்தின் உடலியல் எங்கும் ஒன்றுதானே, ஒளிச்சேர்க்கை சிங்கப்பூருக்கு ஒன்று லண்டனுக்கு ஒன்று என்று இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விதி ஒன்றுதான், விதியில் இட்டு நிரப்ப வேண்டிய எண்கள் வேறு. வேர் காய்வதற்கு ஆகும் நேரத்தை வெப்பம், ஈரப்பதம், காற்று, தொட்டியின் பொருள், ஊடகத் துண்டின் பருமன் ஆகிய ஐந்தும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரே தீவுக்குள்ளேயே இந்த எண்கள் மாறும். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் மரங்களின் நிழலும் தேங்கிய காற்றும் இருக்கும். அங்கே பட்டையிலை வாண்டா பூக்கத் தயங்கும், டென்ட்ரோபியத்துக்கு நாள் விட்டு நாள் நீர் போதும். இருபதாம் மாடியில் மேற்குப் பார்த்த வீட்டில் பிற்பகல் வெயில் இலையைச் சுட்டு வெளுக்க வைக்கும், காற்று ஒரு மணி நேரத்தில் தொட்டியை உலர்த்திவிடும். அங்கே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையும் வறண்ட நாட்களில் காலை மாலை இரு வேளை நீரும் தேவைப்படலாம். உங்கள் அடுக்குமாடியைப் போன்ற இன்னோர் அடுக்குமாடியில் நாலைந்து ஆண்டு வளர்த்த ஒருவரிடம் இந்த எண்கள் தயாராக இருக்கும். நீங்களே கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு நாலைந்து ஆண்டும் சில செடிகளின் உயிரும் செலவாகும்.

கைப்பேசியில் படம் எடுத்துக் கேட்டாலே பதில் கிடைக்கிறதே, கூட்டத்துக்கு ஏன் அலைய வேண்டும் என்பது இரண்டாவது வாதம். படம் சில விஷயங்களை நன்றாகக் காட்டும். மொட்டுகளைத் தின்னும் மஞ்சள் ஆர்க்கிட் வண்டையும் அதன் சளி பூசிய புழுவையும் படத்திலேயே அடையாளம் காணலாம். ஆனால் இலையில் நீர்கோத்த புள்ளி ஒன்று தோன்றினால் அது பாக்டீரியா அழுகலா, கறுப்பழுகலா என்று முடிவு செய்வதற்கு முகர்ந்தும் தொட்டும் பார்க்க வேண்டும். பாக்டீரியா அழுகல் நாறும். அழுத்தினால் கூழாகி நீர் வடியும். வெயில் சுட்ட புள்ளி காய்ந்து காகிதமாகும், பரவாது. தொட்டி போதிய அளவு நனைந்திருக்கிறதா என்பதைத் தூக்கிப் பார்க்கும் கைதான் அறியும். வைரஸ் இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ் தொற்றிய செடி பல காலம் நோயே இல்லாததுபோல் நிற்கும். மருந்து கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தியின் சாறு வழியாக அடுத்ததற்குப் போகும். அதனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தியைத் தீயில் காட்டுவார்கள், அல்லது புது பிளேடு எடுப்பார்கள். இந்தப் பழக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அதிகம். கைப்பழக்கமாக்கிக்கொண்டவர்கள், மற்றொருவர் செய்வதைப் பார்த்தவர்கள்தான். தொட்டி மாற்றுவதும் அப்படியே. எந்த வேரை நறுக்குவது, எதை விடுவது, பழைய தண்டுகளில் எத்தனையை விட்டுப் பிரிப்பது என்பதைப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் பத்துப் பக்கம் படித்ததைவிடத் தெளிவாகும்.

மூன்றாவது வாதம்தான் உள்ளதில் வலுவானது. சங்கத்தில் நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வருகிறது. ஒருவர் கரி என்கிறார், இன்னொருவர் தேங்காய் மட்டை என்கிறார், மற்றவர் ஊடகமே வேண்டாம் கூடையில் தொங்கவிடு என்கிறார். புதியவர் யாரை நம்புவது? இப்படிக் குழம்பிச் சங்கத்தை விட்டவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த முரண்பாட்டுக்குள் ஒரு தகவல் இருக்கிறது. நான்கு பதிலும் நான்கு வீடுகளின் பதில். கரி என்பவர் தினமும் காலையில் வீட்டில் இருப்பவராக இருப்பார். தேங்காய் மட்டை என்பவர் வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர், அவருக்கு ஈரம் தங்க வேண்டும். கூடை என்பவருக்கு மழை படும் தோட்டம் இருக்கும். ஆகவே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். வீடு எந்தத் திசை பார்த்தது, எத்தனையாவது மாடி, மழை நேரடியாகப் படுமா, ஒரு நாளில் எப்போது நீர் விடுகிறீர்கள், இந்தச் செடி உங்களிடம் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஆறு மாதம் வைத்திருப்பவரின் வெற்றியில் பாதி, விற்ற பண்ணையின் வெற்றி. மூன்று ஆண்டுக்கு மேல் ஒரே வீட்டில் பூத்துக்கொண்டிருக்கும் செடி வளர்ப்பவரின் வெற்றி. உங்கள் வீட்டுக்கு நெருங்கிய சூழல் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, முதல் ஓராண்டு அவர் சொல்வதை மட்டும் அப்படியே பின்பற்றுங்கள். இரண்டு பேருடைய முறைகளைக் கலப்பது மிகவும் கெடுதல். கரித்தொட்டிக்குச் சொன்ன நீரைப் பாசித்தொட்டிக்கு விட்டால் செடி செத்துப்போகும், இருவர் மேலும் பழி விழும்.

சங்கம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, தோட்டவீடு உள்ளவர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் இடம் என்ற தயக்கமும் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்கக் கூடாது. போட்டி நடுவர்கள் பூவின் வட்ட வடிவம், பருமன், நிறச்சீர், தண்டில் பூக்களின் அடுக்கு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண் இடுவார்கள். அந்த அளவுகோலில் எளிய காட்டு இனங்களும் ஒருநாள் பூக்களும் பின்தங்கும். உங்கள் ரசனையை அந்த அளவுகோலுக்கு அடகு வைக்க வேண்டியதில்லை. என்றாலும் போட்டி மேசை புதியவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வகுப்பறை. அங்கே இருக்கும் ஒவ்வொரு செடியும் இந்த வெயிலில், இந்த மழையில் பூத்தது, பெயர்ச்சீட்டோடு நிற்கிறது, வளர்த்தவர் அதே அறையில் இருக்கிறார். தொடர்ந்து சில கூட்டங்களில் அந்த மேசையைப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டால் உங்கள் ஊரில் எளிதாகப் பூப்பவற்றின் பட்டியல் தானாக வந்துவிடும். தாழ்வாரம் மட்டுமே உள்ளவர் இதில் பின்தங்கியவரும் அல்லர். பண்ணை முறையைவிட இன்னொரு தாழ்வாரக்காரரின் முறைதான் அவருக்குப் பயன்படும், அப்படிப்பட்டவர்கள் சங்கத்தில் கிடைப்பார்கள். மொழிபற்றிக் கூச்சம் வேண்டாம். கையில் செடி இருந்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

சங்கத்தின் வழியாகச் செடி பெறுவதில் அறம் சார்ந்த ஒரு நன்மையும் இருக்கிறது. இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. ஏறத்தாழ 28,000 இனங்கள் கொண்ட ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் நிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. செருப்புப் பூக்கள் எனப்படும் பேஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தும் அதன் மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்டிச் செடி கொண்டுவர அனுமதி வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கிய செடி மலிவாகக் கிடைக்கும். ஒழுங்கற்ற வேர், கிழிந்த பழைய இலை, ஒட்டியிருக்கும் பாசி ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது வீட்டில் பிழைப்பதும் இல்லை. சங்க உறுப்பினர் பிரித்துக் கொடுக்கும் துண்டுக்கோ வரலாறு இருக்கும்: எந்தக் கலப்பினம், எப்போது வாங்கியது, எந்த மாதங்களில் பூக்கும் என்று கொடுப்பவரே சொல்வார். அது இந்தக் காற்றுக்கு ஏற்கெனவே பழகிய செடி.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. பிரச்சினை உள்ள உங்கள் செடியை எடுத்துச்செல்லுங்கள். ஆனால் மூடிய பையில் கொண்டுபோங்கள், மற்றவர்களின் செடிகள் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள். வைக்கும் இடத்தைக் காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளை படம் எடுத்துக்கொண்டால் வெயிலைப் பற்றி விளக்க வேண்டியிருக்காது. கடைசியாக நீர் விட்ட நாள், உரமிட்ட நாள் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். உரம் கேட்டால் பெரும்பாலோர் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியைக் கரைத்து வாரம் ஒருமுறை விடச் சொல்வார்கள், இடையில் ஒருநாள் வெறும் நீரால் கழுவச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் முரண்பாடு குறைவு. தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்கும்படி தொட்டிகளை அடுக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். தேங்கும் நீர் வேருக்குக் கெடுதல் என்பதோடு, ஏடிஸ் கொசுவுக்கு அது தொட்டில். டெங்கிப் பரிசோதனையில் புழு கண்டால் அபராதமும் உண்டு.

அப்படியானால் இரண்டாவது செடி எது? சங்க மேசையில் பார்த்தவற்றுள், உங்களைப் போன்ற வெளிச்சத்தில் வளர்ந்த பசுமை மாறா டென்ட்ரோபியம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. பிழைகளைத் தாங்கும், ஆண்டில் பலமுறை பூக்கும், பிழை செய்தால் அதை இலையிலேயே காட்டிவிடும். பழைய தண்டின் கணுவில் சிலசமயம் இலையும் வேருமாகக் குட்டி ஒன்று முளைக்கும். பூ வர வேண்டிய இடத்தில் குட்டி வந்தால் நீர் மிகுந்துவிட்டது அல்லது வெளிச்சம் போதவில்லை என்றும் பொருள்கொள்ளலாம். குட்டியின் வேர்கள் இரண்டு மூன்று அங்குலம் நீளும்வரை பொறுத்திருங்கள். பிறகு தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் அதை வெட்டி, சிறிய மண்தொட்டியில் விரல்நுனி அளவுக் கரித்துண்டுகளில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். தாய்ச்செடியின் பெயரையும் பிரித்த தேதியையும் அழியாத பென்சிலால் சீட்டில் எழுதிச் செருகுங்கள். புது வேர் கரியைப் பற்றிக்கொண்டதும், தாய்ச்செடியைக் கொடுத்தவர் வரும் கூட்டத்துக்கு அந்தத் தொட்டியை எடுத்துச்சென்று அவரிடம் காட்டுங்கள்; வேரின் நிறத்தைப் பார்த்தே உங்கள் தாழ்வாரத்துக்கு நீர் சரியா, அதிகமா என்று சொல்லிவிடுவார்.